உஷார்! கயாக்கின் வயிற்றில் தண்ணீர்

பருவமழை ஓய்ந்து ஏரிகள் தளும்பி நிற்கும் நேரம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து தூண்டிலும் கையுமாகக் கிளம்புகிறவர்கள் முன்பெல்லாம் கரையில்தான் உட்கார்ந்தார்கள். கலங்கல் ஓரம், மதகுத் திட்டு, பாலத்துக் கைப்பிடிச் சுவர் என்று இடம் பிடித்து, மைதா உருண்டையை முள்ளில் கோத்து எறிந்துவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. இணையத்தில் ஆர்டர் போட்டால் காற்றடைக்கும் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு வாசலுக்கே வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் செலவழித்தால் கெட்டி பிளாஸ்டிக் கயாக் கிடைக்கிறது. காரின் தலையில் கட்டிக்கொண்டு போய் இறக்கினால் விரால் ஒதுங்கும் இடத்துக்கே போய்விடலாம் என்கிற ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் விற்கிறவர் சொல்லாத ஒன்றைத் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கயாக் ஒழுகினால் அது உங்களுக்குத் தெரியாது. தெரிய வரும்போது பெரும்பாலும் நீங்கள் தண்ணீரில் கிடப்பீர்கள்.

நம் கடற்கரைக் கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது, அவ்வளவுதான். அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். ஓட்டை விழ அதில் இடமே இல்லை. பரிசலுக்கு உள் உண்டு, ஆனால் அது திறந்து கிடக்கிறது. கசிந்தால் பாதம் நனையும். பாதியாக வெட்டிய டின்னால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே கரைக்கு வந்துவிடுவார்கள். கயாக்கிலோ, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகையில், நீங்கள் உட்காருவது ஒரு மூடிய பெட்டியின் மேல். மேல்தட்டு காய்ந்தே இருக்கும். தொடையில் ஒரு சொட்டு படாது. கீழே அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். மீன் பிடிக்கிறவர் கண்ணெல்லாம் தக்கையில், காதெல்லாம் ரீலில். வயிற்றுக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே, 6 மி.மீ. அகலத்தில் ஒரு ஓட்டை. பென்சில்கூட நுழையாது. அதன் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 100 லிட்டர். அதாவது 100 கிலோ. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்ட மாதிரி. உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கரையில் திறந்துவிடுவதற்கான வடிகால் மூடியைத் திருக மறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தத் துளை 2 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10 செ.மீ. ஆழத்துக்குப் போய்விட்டால் நிமிடத்துக்கு 15 லிட்டர். கரையிலிருந்து நல்ல இடம் தேடித் துடுப்புப் போட்டு, முள்ளில் இரை கோத்து முதல் வீச்சு வீசுவதற்குள் பல வாளித் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

பாரத்தால் மூழ்குவது இரண்டாவது ஆபத்துதான். முதல் ஆபத்து, உள்ளே போன தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது என்பது. நீங்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அதுவும் வலப்பக்கம் ஓடும். ஓடிய பாரம் இன்னும் சாய்க்கும், சாய்ந்தால் இன்னும் ஓடும். சாதாரணமாக ஒரு பக்கம் ஒருக்களித்தால் கயாக் தானே நிமிர்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் இருந்தால் நிமிராது. பெரிய கப்பலுக்கும் இதே விதிதான். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்ற 130 மீட்டர் நீளப் பயணிகள் கப்பலின் முன்கதவை மூடாமலே கிளம்பிவிட்டார்கள். கார்கள் நிற்கும் தளத்தில் கடல் புகுந்தது. புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களுக்குள் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. 193 பேர் இறந்தார்கள். ஒரு கதவு. உங்கள் கயாக்கின் வடிகால் மூடியும் அந்தக் கதவும் ஒன்றுதான்.

ஓட்டை எங்கே வரும்?

பெரும்பாலும் நாம் உண்டாக்குவதுதான். செம்பரம்பாக்கம், புழல் போன்ற பெரிய ஏரிகளின் கரை உட்புறத்தில் கருங்கல் பதித்திருக்கும். தனியாக வந்தவர் முன்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கம் கல்லில் உரசத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்குவார். ஒவ்வொரு முறையும் பின்அடி ஒரு சீவல் தேயும். கொஞ்ச நாளில் அந்த இடம் காகிதக் கனத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் அழுத்திப் பார்த்தால் விரல் பட்டு அமுங்கும். அப்போதே உஷாராகிவிட வேண்டும்.

அடுத்தது வடிதுளைகள். மேல்தட்டில் தெறிக்கும் தண்ணீர் கீழே போவதற்காக, தட்டிலிருந்து அடிவரை குழாய்போல ஊடுருவிப் போகிற துளைகள் அவை. உட்காரும் இடத்துக்கு அடியில் இருப்பவைதான் ஆளின் எடையைப் பெரிதும் தாங்குகின்றன. குழாயும் அடியும் சேருகிற வளையத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழும். கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆள் உட்கார்ந்ததும் அது வாய் பிளக்கும், எழுந்ததும் மூடிக்கொள்ளும். சக்கர வண்டியின் கம்பிகளை இந்தத் துளைகளில் செருகிக் கயாக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கீறலைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

பிறகு நாமே போட்ட ஓட்டைகள். தூண்டில் ராடு செருக ஒரு பிடி, செல்போனுக்கு ஒரு பிடி, மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவிக்கு ஒரு பிடி என்று டிரில்லிங் மெஷினால் துளைத்து ஸ்க்ரூ முடுக்குகிறோம். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். ஸ்க்ரூ அப்படி விரியாது. சில மாதங்களில் ஆட்டம் கொடுத்துவிடும். முடுக்கும்போதே ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷரும் சிலிகானும் வைக்காவிட்டால் அது ஒழுகுவதற்காகவே போட்ட ஓட்டை. மூடிகளின் ரப்பர் வளையமும் அப்படித்தான். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரைத் திருகி மூடினால் மூடிய மாதிரி தெரியும், மூடியிருக்காது.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் கார் மேல் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிய கயாக்கை மதியம் முழுக்க அப்படியே விட்டால் பிளாஸ்டிக் இளகி, பெல்ட் அழுத்திய இடம் உள்வாங்கிவிடும். அடி குழிந்த கயாக் தண்ணீரில் நேராக ஓடாது. குழிந்த விளிம்பில் பிறகு வெடிப்பும் வரும். நிழலில், பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். மொட்டை மாடியில் மூடாமல் கிடக்கும் கயாக் வெளுத்துப்போய், தட்டினால் மொறமொறவென்று சத்தம் கேட்டால் அதற்கு வயதாகிவிட்டது.

மொட்டை மாடிச் சோதனை

ஏரிக்குப் போவதற்கு முந்தின நாள் இதைச் செய்யுங்கள். இரண்டு ஸ்டூலின் மேல் கயாக்கை வைத்து, அடிப்பாகத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரை அடி முழுக்கத் தூவித் தடவுங்கள். வடிகால் மூடியைத் திறந்து உள்ளே மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னாலாகப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஒரு ஐந்து நிமிடம், பின்பக்கம் ஒரு ஐந்து நிமிடம் தாழ்த்திப் பாருங்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் முதலில் ஒரு கரும்புள்ளி விழும். பிறகு அது கோடாக இறங்கும். அந்தக் கோட்டின் மேல்முனையில் இருக்கிறது ஓட்டை. மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

வடிதுளைக் கீறல்கள் இதிலும் தப்பிவிடலாம். அதற்கு சைக்கிள் பஞ்சர் கடைக்காரரின் வழி. உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு எல்லா மூடிகளையும் மூடி, வடிகால் துளை வழியாக வாயாலோ மெத்தைக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பாலோ மெதுவாகக் காற்றைச் செலுத்துங்கள். ஒவ்வொரு துளையின் வளையத்திலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி வாருங்கள். நுரை கொப்பளிக்கிற இடம்தான் ஓட்டை. பெட்ரோல் பங்க்கின் கம்ப்ரஸரை மட்டும் காட்டிவிடாதீர்கள். நல்ல கயாக்கும் பிளந்துவிடும்.

ஒவ்வொரு முறை கரையேறியதும் வடிகாலைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு மக்கில் பிடித்துப் பாருங்கள். அரை டம்ளர் வந்தால் வியர்த்த நீர், மூடி திறந்தபோது தெறித்த நீர். ஒரு மக் நிறைந்தால் மறுபடி சோதனை போடாமல் இறங்கக் கூடாது. போன முறை அரை டம்ளர், இந்த முறை ஒரு மக் என்றால் ஓட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது.

கண்டுபிடித்த ஓட்டையை எதால் அடைப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் இருக்கும் எம்-சீலை உருட்டி அப்பிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்புகிறார்கள். கெட்டி கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். அந்தப் பிளாஸ்டிக்கில் எம்-சீலோ ஃபெவிக்விக்கோ உறுதியாகப் பிடிக்காது. கரையில் கல்லாகக் காய்ந்து நிற்கும். ஆள் ஏறி அடி நெளிந்ததும் அப்படியே பொறுக்குத் தட்டிக் கழன்று விழும், அதுவும் நடு ஏரியில். பாலிஎத்திலீனை அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூட்டுக் காற்றில் உருக்கித்தான் ஒட்டவைக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கார் பம்பர் வெல்டிங் செய்கிறவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. ஃபைபர் படகு என்றால் வேறு வழி. தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஃபைபர் துணியும் ரெசினும் போட வேண்டும். ஈரம் ஒரு பொட்டு இருந்தாலும் ஒட்டாது. அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்ள, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப் ஒரு சுருள் போதும். அதைக் கரையில், துடைத்துக் காயவைத்து ஒட்டி, அந்த ஒட்டை நம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். திரும்ப ஏரிக்குள் போவதற்கு அது உதவாது.

செலவே இல்லாத ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. காலியான இரண்டு லிட்டர் பாட்டில்களை மூடி இறுக்கித் திருகி, கயாக்கின் வயிற்றுக்குள் எவ்வளவு போகுமோ அவ்வளவு அடைத்துவிடுங்கள், நகராதபடி. அந்த இடத்தில் தண்ணீர் புக முடியாது. 40 பாட்டில் போனால் 80 லிட்டர் காற்று, 80 கிலோவை மிதக்கவைக்கும் பலம். பாலிஎத்திலீன் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் லேசு, உள்ளே முழுக்கத் தண்ணீர் நிறைந்தால் பட்டும் படாமலும் மிதக்கும். ஃபைபர் தண்ணீரைவிடக் கனம். உள்ளே மிதவை எதுவும் இல்லாத ஃபைபர் படகு நிறைந்தால் நேராக அடிக்குப் போய்விடும். பிடித்துக்கொள்ளவும் ஒன்று மிஞ்சாது.

காற்றடைத்தவை, தெர்மகோல், லாரி டியூப்

காற்றடைக்கும் கயாக்குக்கு நம் ஏரிகளில் முதல் எதிரி சீமைக்கருவேலம். கோடையில் ஏரி வற்றும்போது உள்வாய் முழுக்க முளைத்து, மழையில் தண்ணீர் ஏறியதும் மூழ்கி நிற்கும். மேலே பார்த்தால் பளபளவென்று தண்ணீர். ஒரு சாண் கீழே ஊசி ஊசியாக முள். நடுவில் ஒரே அறை மட்டும் உள்ள மலிவான மிதவையில் ஒரு முள் ஏறினால் மொத்தக் காற்றும் போய்விடும். குறைந்தது மூன்று தனித்தனி அறைகள் இல்லாத எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள். வெயிலில் விறைப்பாகக் காற்றடித்துக் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் சூட்டில் காற்று விரிந்து ஒட்டு பிரியும். அதே கயாக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தொளதொளவென்று ஆகும். ஆகவே தண்ணீரில் போட்டுச் சற்று நேரம் விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்து, தேவையென்றால் காற்றேற்றிய பிறகுதான் ஏற வேண்டும். கெளுத்தியைத் தூக்கி மடியில் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அதன் செவுளோரத்து முள் மிதவையையும் குத்தும், உங்கள் தொடையையும் குத்தும்.

பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவர்களுக்கும் இந்த ஆபத்தில் பங்கு உண்டு. தெர்மகோல் பலகைகளைச் சாக்கில் சுற்றிக் கட்டி, லாரி டியூபில் பலகை போட்டு, அதில் உட்கார்ந்து வலை விடுகிற அண்ணன்மார்களை நம் ஏரிகளில் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்குத் தண்ணீர் தெரியும், தடம் தெரியும். ஆனால் தெர்மகோல் உள்ளுக்குள் நொறுங்குவது சாக்குக்கு வெளியே தெரியாது. டியூபில் போட்ட பஞ்சர் ஒட்டு பங்குனி வெயிலில் இளகும். ஏரிக் குத்தகையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பணம் புரள்கிற இடத்தில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கித் தர ஏன் முடியவில்லை? இதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

கையில் இருப்பதே காலை வாரும்

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டாதீர்கள். காற்று அடித்து, கயிறு இறுகினால் அது கயாக்கைக் கீழ்நோக்கி இழுத்துச் சாய்க்கும். முனையில்தான் கட்ட வேண்டும், ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக. கழுத்துப் பக்கத்தில், ஒரு கையால் எட்டும்படி, கத்தி ஒன்று இருந்தே ஆக வேண்டும். துடுப்பைக் கயிற்றால் கயாக்கோடு பிணைத்துவிடுங்கள். துடுப்பு கைவிட்டுப் போனால் உங்கள் ஊர்தி வெறும் மிதக்கும் பலகை.

செம்பரம்பாக்கத்திலும் பூண்டியிலும் குத்தகை எடுத்தவர்கள் விட்ட நரம்பு வலைகள் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே குறுக்கே கிடக்கும். தெர்மகோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையாக மிதந்தால் கீழே வலை என்று அர்த்தம். துடுப்பு சிக்கினால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் சாய்வது நீங்கள்தான். கவிழ்ந்து அந்த வலையில் கால் மாட்டினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். அந்த வலை இன்னொருவரின் ஒரு வார வருமானம் என்பதும் நினைவிருக்கட்டும். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்காமல் இறங்கவே கூடாது. செம்பரம்பாக்கமும் புழலும் சென்னை குடிக்கிற தண்ணீர்.

தூண்டில் முள் கையில் ஏறினால் அதன் கொக்கி உள்ளே போயிருக்கும், பிடுங்கினால் சதை கிழியும். தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, முள்ளோடு அப்படியே கரைக்கு வந்து மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அம்பத்தூர், கொரட்டூர் ஏரித் தண்ணீரில் கீறல் பட்டால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கிற விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போன கதை ஊருக்கே தெரியும்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையின் குறுக்கே தாழ்ந்து போகும் மின்கம்பிக்குக் கீழே ராடைச் சுழற்றி வீசாதீர்கள். ஆடி, ஆவணி மாலைகளில் மேற்கே கறுத்தால் அது நம் பக்கம் வரும் மழை. இடி முழக்கம் காதில் விழுந்த நொடியில் ராடைப் படுக்கவைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். திறந்த ஏரியில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்களும் உங்கள் ராடும்தான். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. போனில் அது இருக்கட்டும்.

நடு ஏரியில் தெரிந்துவிட்டால்

அறிகுறிகள் இவை: நேற்றுவரை வழுக்கிக்கொண்டு போன கயாக் இன்று எத்தனை துடுப்புப் போட்டாலும் மந்தமாக நகரும். பின்பக்கம் தாழும். திரும்பும்போது ஒரு கணம் தாமதித்துச் சாயும். வடிதுளைகளில் தண்ணீர் மேலேறித் தட்டில் நிற்கும். இடுப்பை லேசாக ஆட்டினால் உள்ளே சளசளவென்று கேட்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் மீனை மறந்துவிடுங்கள். நரம்பை வெட்டிவிடுங்கள். கார் நிற்கும் கரையைத் தேடாதீர்கள், பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அதற்குப் போங்கள். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அலையில் அந்த மூடி இன்னொரு ஓட்டையாகிவிடும். குனிந்து, தாழ உட்காருங்கள். ரொம்ப ஆடினால் இரண்டு கால்களையும் இருபக்கமும் தண்ணீரில் தொங்கவிடுங்கள், ஆட்டம் குறையும். கூட வந்தவரை அப்போதே கூப்பிடுங்கள். வெட்கப்படாதீர்கள்.

மதகுப் பக்கம் மட்டும் ஒதுங்காதீர்கள். செம்பரம்பாக்கத்தின் 24 அடியும் நிறைந்து, 5 கண் மதகிலோ 19 கண் மதகிலோ தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் அந்த இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட எவராலும் முடியாது. அந்த நாட்களில் ஏரிக்கே போகக் கூடாது. சவுடு மண் அள்ளிய ஏரிகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டில் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். ஆகவே கரை பக்கம்தானே என்று குதித்து நடக்காதீர்கள்.

கவிழ்ந்தேவிட்டால் கயாக்கை விடாதீர்கள். நீந்திக் கரைக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்கள்தான் பாதி வழியில் சோர்கிறார்கள். கவிழ்ந்த கயாக்கின் நடுப்பகுதிக்கு வந்து, மேலே கையைப் போட்டு அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிரும். வயிற்றைத் தட்டில் போட்டு ஏறி, பிறகு உட்காருங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்து நிமிராவிட்டால் அதன் மேலேயே படுத்துக்கொண்டு விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். ஆகாயத்தாமரையில் மாட்டினால் நிமிர்ந்து நின்று உதைக்காதீர்கள், வேர் காலைச் சுற்றும். படுத்தவாக்கில், மெதுவாக, வந்த வழியே பின்வாங்குங்கள். சேற்றில் கால் புதைந்தாலும் இதேதான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உடம்பில் போட்டிருக்கும் லைஃப் ஜாக்கெட். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றியதில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் சொந்தபந்தங்களோடு உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்தபோது 45 பேர். 2023 மே 7 அன்று மலப்புரம் தானூரில் 22 பேர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு, ஆனால் மிதக்கவைக்கும் ஒன்று உடம்பில் இருந்திருந்தால் இவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள். ஜாக்கெட் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் நியூட்டன் எண்ணைப் பாருங்கள். 50 என்றால் நீச்சல் தெரிந்து, சுயநினைவோடு இருப்பவருக்கு உதவும் துணை மட்டுமே. 100, 150 என்றால்தான் மயங்கியவரையும் முகம் மேலாகத் திருப்பும்படி வடிவமைத்தது. போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு கிடையாது.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் தத்தளிப்பதைக் கண்டு அண்ணன் குதிக்க, அண்ணனைக் காப்பாற்ற நண்பன் குதிக்க, ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் போகிற செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, புடவை, நீளமான மூங்கில், மூடிய காலி கேன், எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ உடனே கூப்பிடுங்கள். கரையேற்றியவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எதுவும் வேண்டாம், அதில் போவது உயிர் காக்கும் நிமிடங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் 108-இல் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கிளம்புகிறவர்கள் சனிக்கிழமை மாலையே மூன்று வாளித் தண்ணீரும் ஒரு டப்பாப் பவுடரும் எடுத்து வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பவுடரில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் அந்த வாரம் கரையிலேயே உட்கார்ந்து தூண்டில் போடுங்கள்.